அளவு எடுத்தது யார்?

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா? ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. தெருமுனையிலயோ, ஸ்கூல்லயோ, சின்ன ரயில்வே ஸ்டேஷன் ஓரத்திலயோ நீங்க பல தடவை அடிச்சுத் தண்ணி குடிச்ச அடிபம்பை, கூகுள் பண்ணாம, ஞாபகத்திலிருந்து வரைங்க. நீளமான கைப்பிடி வந்துடும். தண்ணி கொட்டற மூக்கு வந்துடும். அதுக்கு அப்புறம்? மேலே பெட்டி மாதிரி ஒரு தலை இருக்குமே, அது எதுக்கு? கைப்பிடி எந்த இடத்துல மாட்டியிருக்கு? அது குழாயா, கெட்டிக் கம்பியா? அடியில எத்தனை கால்?

பெரும்பாலானவங்களுக்கு இங்கே பேனா நின்னுடும். மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கும்தான். நாம பார்த்திருக்கோம், ஆனா கவனிச்சதில்லை. இதைச் சரிபண்ண எனக்குத் தெரிஞ்ச மிகச் சிறந்த வழி, பலரும் குழந்தை விளையாட்டுன்னு நினைக்கிற ஒரு ஹாபிக்குள்ள இருக்கு. மாடல் ரயில். அதுலயும் குறிப்பா, மாடல் ரயில் லேஅவுட்டுக்கு வேண்டிய குட்டிக் குட்டிச் சாமான்களைக் கடையில வாங்காம, அடியிலிருந்து நாமே செய்யறது. இதை ‘ஸ்க்ராட்ச் பில்டிங்’னு சொல்வாங்க.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பொருளை யார் செஞ்சாங்கங்கறது இரண்டாவது கேள்வி. அதோட அளவை யார் எடுத்தாங்கங்கறதுதான் முதல் கேள்வி. இன்ஜினியரிங் படிக்கிற நாம அந்த முதல் கேள்வியை மறந்தே போயிட்டோம்.

கேள்வியிலேயே பதில் இருக்கற படிப்பு

முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஞாபகம் இருக்கா? “பக்கம் 30 மி.மீ., அச்சு 60 மி.மீ. உள்ள அறுகோணப் பட்டகம்…” எல்லா அளவும் கேள்வித்தாளிலேயே வந்துடும். நாம கோடு போட்டா போதும். லேப்பில ரீடிங் எடுப்போம், ஆனா எதை அளக்கணும், எங்கிருந்து எங்கே அளக்கணும்னு மேனுவல் சொல்லிடும். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வந்தா கிட் ரெடி, கோட் ரெடி, ரிப்போர்ட் கூட ரெடி. நாலு வருஷமும் யாரோ அளந்து கொடுத்த உலகத்துக்குள்ளேயே ஓடிப்போகுது.

வேலைக்குப் போன பிறகு உலகம் அப்படி இருக்காது. உடைஞ்ச ஒரு பிராக்கெட்டைக் கையில கொடுத்து “இதே மாதிரி வேணும்”னு சொல்லுவாங்க. டிராயிங் இருக்காது. எந்த அளவு முக்கியம், எது முன்னப்பின்ன இருந்தா பரவாயில்லைன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அந்தப் பயிற்சியை மாடல் ரயில்காரங்க ஒரு பிளாட்பார பெஞ்சை வச்சே கத்துக்கறாங்க.

ஒண்ணுக்கு எண்பத்தேழு

உலகத்துல அதிகம் புழங்கற மாடல் ரயில் அளவுக்கு ‘எச்.ஓ.’ன்னு பேர். நிஜத்துல 87 மி.மீ. இருக்கறது மாடல்ல 1 மி.மீ. ஆகும். அடிக்கணக்குல சொன்னா, ஒரு அடிக்கு 3.5 மி.மீ. ஆறடி ஆள் 21 மி.மீ. உயரம் நிப்பார்.

இந்தக் கணக்கைக் கையில வச்சுக்கிட்டு உங்க ஹாஸ்டல் ரூமைச் சுத்திப் பாருங்க, எல்லாமே வேற பொருளாத் தெரியும். 0.35 மி.மீ. தடிமன் இருக்கற கல்யாணப் பத்திரிகை அட்டை, மாடல்ல 30 மி.மீ. தடிமனுள்ள மரப்பலகை. எலெக்ட்ரிக் ஒயரைப் பிரிச்சா வர்ற 0.2 மி.மீ. செம்புக் கம்பி, ஏணியோட 17 மி.மீ. இரும்புக் கம்பி. ஊதுபத்திக் குச்சி ஒரு வேலிக் கம்பம். 0.6 மி.மீ. குண்டூசி? அது 52 மி.மீ. குழாய். அடிபம்புக் கைப்பிடிக்கு அதுவே தடிமன் ஜாஸ்தி!

இன்னொரு உதாரணம். 200 லிட்டர் எண்ணெய் டிரம் தோராயமா 58 செ.மீ. விட்டம், 88 செ.மீ. உயரம். 87-ஆல வகுத்தா 6.7 மி.மீ. விட்டம், 10 மி.மீ. உயரம். சாதாரண உருண்டைப் பென்சிலோட விட்டம் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஒரு சென்டிமீட்டர் துண்டு அறுத்து, மேலயும் கீழயும் அட்டையை வட்டமா வெட்டி ஒட்டினா டிரம் தயார்.

ஆனா அது இன்னும் டிரம் மாதிரி இருக்காது. ஏன்னு நிஜ டிரம்மைப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும். நடுவில ரெண்டு வளையம் புடைச்சிருக்கும். பென்சில் துண்டு மேல மெல்லிய கம்பியைச் சுத்தி அதைக் கொண்டு வரணும். சுத்தும்போதுதான் கேள்வி வரும்: இந்த வளையம் எதுக்கு? மெல்லிய தகடு நசுங்காம இருக்க அது விறைப்பு கொடுக்குது. அதோட, டிரம்மைப் படுக்க வச்சு உருட்டும்போது முழுத் தகடும் தரையில உரசாம, அந்த ரெண்டு வளையம் மேல உருளுது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்துல ‘ஸ்டிஃப்னர்’னு ஒரு வார்த்தையா வந்தது, இங்கே கைக்குள்ள வந்து உட்காருது.

துருவுக்கு என்ன பெயின்ட்? வீட்டு வாசல்ல கோலத்துக்குப் பூசற காவியைக் கொஞ்சம் பொடி பண்ணி, மெல்லிய பிரஷ்ஷால தடவுங்க. காவி நிறமே இரும்பு ஆக்சைடால வர்றதுதான். துருவும் இரும்பு ஆக்சைடு. துருவுக்கே துருவைப் பூசறோம்; இதைவிடப் பொருத்தமான கலர் எந்தக் கடையில கிடைக்கும்?

அடிபம்புக்கு வருவோம்

நம்ம ஊர்கள்ல அதிகம் பார்க்கிற அடிபம்பு மாடலுக்கு ‘இந்தியா மார்க் 2’ன்னு பேர். 1970-களில் யுனிசெஃப் உதவியோட இங்கேயே உருவானது. அதை 1:87-ல செய்யணும்னு உட்கார்ந்தா, முதல்ல தடுமாறற இடம் அந்தப் பெட்டித் தலை.

யோசிச்சுப் பாருங்க. கைப்பிடி ஒரு புள்ளியில மாட்டியிருக்கு. அதோட முனை வளைவாத்தான் நகரும். ஆனா கிணத்துக்குள்ள இறங்கற கம்பி நேரா மேலயும் கீழயும்தான் போகணும். கைப்பிடி முனையில கம்பியை நேரா மாட்டினா, ஒவ்வொரு அடிக்கும் அது பக்கவாட்டுல இழுபடும், சீக்கிரம் தேஞ்சுடும். இதுக்குத் தீர்வா, கைப்பிடியோட உள் முனையில வட்டத்தின் கால்பகுதி மாதிரி ஒரு வளைவுத் துண்டு இருக்கு. அதன் மேல ஒரு செயின் படிஞ்சு நேராக் கீழே தொங்குது, செயின் முனையில கம்பி. கைப்பிடி எப்படி வளைஞ்சு போனாலும் செயின் இறங்கற இடம் மாறாது. அந்தப் பெட்டி இதைத்தான் மூடி வச்சிருக்கு.

அடுத்த கேள்வி. செயின் இழுக்கும், தள்ளாது. அப்போ கம்பியைக் கீழே தள்றது யாரு? கம்பியோட சொந்த எடை. அவ்வளவு நீளக் கம்பியோட எடையை ஒவ்வொரு தடவையும் நாம தூக்கணுமே? அதுக்காகத்தான் கைப்பிடி வெறும் குழாயா இல்லாம, கனமான கெட்டி இரும்பா இருக்கு. அந்தப் பக்கத்து எடையை இந்தப் பக்கம் சமன் பண்ணுது.

கைனமாட்டிக்ஸ் பாடத்துல வட்ட இயக்கத்தை நேர் இயக்கமா மாத்தற முறைகளைப் பக்கம் பக்கமா எழுதியிருப்போம். தெருமுனையில ஒண்ணு நின்னுக்கிட்டே இருந்தது. அதை 15 மி.மீ. உயரத்துக்குச் செய்யணும்னு வந்தப்போதான் அது கண்ணுல படுது.

இதோட சரியான அளவுகளை நான் இங்கே தரப்போறதில்லை. தந்தா, இந்தக் கட்டுரையும் இன்னொரு கிட் ஆயிடும். டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்துக்கோங்க.

சிக்னல்ல ஒரு நீலக் கண்ணாடி

ஸ்டேஷன் லேஅவுட் செய்யறவங்க எல்லாருக்கும் பிடிச்சது பழைய கை சிக்னல். ஆங்கிலத்துல ‘செமஃபோர்’. உயரமான கம்பத்துல ஒரு சிவப்புக் கை, அதுல வெள்ளைப் பட்டை. கை கிடைமட்டமா இருந்தா நில். கீழே சாஞ்சா போ. நான்கு அடி நீளக் கைன்னா மாடல்ல 14 மி.மீ. பத்திரிகை அட்டையை வெட்டினா கை வந்துடும். கையோட பின்பக்கம் மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு சட்டம், அதுல ரெண்டு கண்ணாடி வில்லை. ஒண்ணு சிவப்பு. இன்னொண்ணு பச்சைன்னு நினைச்சுத்தான் பெயின்ட் எடுப்போம்.

பழைய சிக்னலைக் கிட்டப் போய்ப் பார்த்தா அது நீலம் கலந்து தெரியும். காரணம் அழகானது. பின்னாடி எரிஞ்சது மண்ணெண்ணெய் விளக்கு. அதோட வெளிச்சம் மஞ்சள். மஞ்சள் வெளிச்சம் நீலம் கலந்த கண்ணாடி வழியா வரும்போது டிரைவர் கண்ணுக்குப் பச்சையாத் தெரியும். ஆக, கண்ணாடியோட கலரை மட்டும் யாரும் டிசைன் பண்ணலை. விளக்கு, கண்ணாடி ரெண்டையும் சேர்த்து டிசைன் பண்ணியிருக்காங்க.

இன்னும் ஒண்ணு. சிக்னலைக் கீழே சாய்க்க, கேபின்ல இருந்து ஒரு கம்பி இழுக்குது. அந்தக் கம்பி அறுந்துட்டா? கை தானா ‘போ’ன்னு சாஞ்சுடக் கூடாது இல்லையா? அதுக்காக, கண்ணாடிச் சட்டத்தோட கனமும் எதிர் எடையும் சேர்ந்து கையை மறுபடி கிடைமட்டத்துக்கே கொண்டு வந்துடும். கெட்டுப்போனா ஆபத்தில்லாத பக்கம் சாயணும். ‘ஃபெயில் சேஃப்’னு ரெண்டு மார்க் கேள்விக்கு நாம எழுதற விடை இதுதான். மாடல் சிக்னலை நூலால இழுத்து அசையற மாதிரி செஞ்சா, நூலை விட்டதும் உங்க கை தானா மேலே வருதான்னு பாருங்க. வரலைன்னா எடையைச் சரிபண்ணுங்க. அந்த ராத்திரி நீங்க கத்துக்கறதை எந்த கைடு புத்தகமும் கத்துத்தராது.

“3டி பிரின்டர் இருக்கே?”

இருக்கு. நல்லாவே இருக்கு. நம்ம காலேஜ்களோட லேப்கள்லயும் இப்ப சகஜமாயிடுச்சு. மாடல் ரயில் உலகத்துல இதைப் பத்திப் பெரிய சண்டையே உண்டு. கையால அட்டை வெட்டறதுதான் உண்மையான ஸ்க்ராட்ச் பில்டிங், பிரின்டர்ல எடுக்கறது ஏமாத்துன்னு ஒரு கோஷ்டி. அதெல்லாம் பழங்கதைன்னு இன்னொரு கோஷ்டி.

எனக்கு ரெண்டு பேர்கூடவும் உடன்பாடு இல்லை. சாதாரண பிளாஸ்டிக் இழை பிரின்டரோட முனை பெரும்பாலும் 0.4 மி.மீ. எச்.ஓ. அளவுல அது 35 மி.மீ. செங்கல் சுவர்ல ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கற 10 மி.மீ. சிமென்ட் கோடு, மாடல்ல 0.11 மி.மீ. தான். அதை அந்த முனையால வரையவே முடியாது. அட்டையில ஊசியால கீறினா வந்துடும். ரெசின் பிரின்டரா இருந்தா நுணுக்கம் பல மடங்கு கூடும். அங்கே கையால முடியாததையும் அது செய்யும். எந்த வேலைக்கு எந்தக் கருவிங்கறது தேவையைப் பொறுத்தது. ஒழுக்கப் பிரச்சினையா ஆக்க வேண்டியதில்லை.

நான் போடற கோடு வேற இடத்துல. நீங்களே போய் ஒரு பெஞ்சை அளந்து, நீங்களே கேட் சாஃப்ட்வேர்ல வரைஞ்சு, பிரின்ட் போட்டா அது நூத்துக்கு நூறு ஸ்க்ராட்ச் பில்டிங். யாரோ வரைஞ்ச எஸ்.டி.எல். ஃபைலை டவுன்லோட் பண்ணி ‘பிரின்ட்’ அமுக்கினா, அது கடையில வாங்கினதுக்குச் சமம். அதே மாதிரி, இன்னொருத்தர் கொடுத்த டெம்பிளேட்டை வச்சுக் கையால அட்டை வெட்டினாலும் அது பாதி ஸ்க்ராட்ச்தான். பிளேடா பிரின்டராங்கறது இங்கே பெரிய விஷயமே இல்லை. டேப்போட மறு முனையைப் பிடிச்சது யாருங்கறதுதான் விஷயம்.

வாங்கறதே தப்புன்னு சொல்லலை. இன்ஜினையும் மோட்டாரையும் எல்லாரும் வாங்கத்தான் செய்யறாங்க. ஆனா அக்சஸரீஸ் விஷயத்துல நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. ஃபாலர் மாதிரி ஜெர்மன் கம்பெனிகளோட கிட்கள்ல அவங்க ஊர் மர வீடும் சர்ச்சும் அழகா வரும். நம்ம ஸ்டேஷன்ல இருக்கற மஞ்சள் பெயர்ப்பலகை, தொங்கற சிவப்பு மணல் வாளிகள், மணிக்குப் பதிலா அடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, வெளியில நிக்கற பனைமரம் இதெல்லாம் அதுல எங்கிருந்து வரும்? தண்டவாளமே இடிக்குது. எச்.ஓ. தண்டவாளத்தோட இடைவெளி 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. கேஜுக்குப் போட்ட கணக்கு. நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ. சரியா வகுத்தா 19.3 மி.மீ. வரணும். நம்ம ஊரை மாடல் பண்ணணும்னா நாமேதான் அளந்தாகணும். வேற வழியில்லை.

மேசைக்கு மேலேயும் கீழேயும்

இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் மாடல் ரயிலுக்கும் உள்ள தொடர்பு புதுசு இல்லை. அமெரிக்காவில எம்.ஐ.டி.யில ‘டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்’னு ஒரு மாணவர் அமைப்பு 1946-ல தொடங்கினது. 1950-களில் அதுக்குள்ள ரெண்டு கூட்டம். ஒரு கூட்டம் மேசைக்கு மேலே ரயில், கட்டடம், மலைன்னு செஞ்சது. இன்னொரு கூட்டம் மேசைக்கு அடியில படுத்துக்கிட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வச்சு ரயில்களை ஓட்டற சர்க்யூட்டைக் கட்டினது. இந்த ரெண்டாவது கூட்டம் கம்ப்யூட்டர் பக்கம் தாவினது. ‘ஹேக்’ங்கற வார்த்தை கம்ப்யூட்டர் உலகத்துக்குப் போனதுல இவங்க பங்கு பெருசு. ஸ்டீவன் லெவி 1984-ல எழுதின ‘ஹேக்கர்ஸ்’ புத்தகம் இவங்க கதையிலதான் தொடங்குது.

அதனால மேசைக்குக் கீழே இருந்தவங்களைப் பத்தி நிறையப் பேசியாச்சு. மேலே இருந்தவங்களைப் பத்திப் பேச எனக்கு ஆசை. அதுக்கு இங்கிலாந்துக்குப் போகணும்.

1925-ல ஆஸ்திரேலியாவிலிருந்து ராய் இங்லண்ட்னு ஒரு இளைஞர் அங்கே வந்தார். ஆமா, அவர் பேரே அதுதான். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ங்கற பள்ளத்தாக்குல இருந்த பழைய கூரை வீடுகள் அவர் கண்ணு முன்னாடியே மாறிக்கிட்டும் மறைஞ்சுக்கிட்டும் இருந்தது. அவரால அதை நிறுத்த முடியாது. ஆனா அளக்க முடியும். 1930-களில் ஒவ்வொரு வீடா அளந்து, அட்டையில வெட்டி, வாட்டர்கலர்ல கல் கல்லா வரைஞ்சு மாடல் செய்ய ஆரம்பிச்சார். அளவு ஒரு அடிக்கு 4 மி.மீ. அதுவே 1954-ல லாங் விட்டன்ஹாம் கிராமத்துல ‘பென்டன் மியூசியம்’ ஆச்சு. அவருக்கு அப்புறமும் தன்னார்வலர்கள் தொடர்ந்து செஞ்சுக்கிட்டே இருக்காங்க. ஒரே ஒரு வீட்டுக்கு நூத்துக்கணக்கான மணி நேரம் ஆகுது. வீட்டுக்குப் பின்னாடி இருக்கற காய்கறித் தோட்டம் வரைக்கும் செய்யறாங்க.

இன்னிக்கு அந்த மேசையைப் பார்த்தா 1930 வாக்குல ஒரு இங்கிலாந்துக் கிராமம் எப்படி இருந்ததுன்னு தெரியும். ஓடற ரயில் அங்கே துணைப் பாத்திரம்தான். அக்சஸரீஸ்னு நாம அலட்சியமா சொல்றதுதான் அங்கே ஹீரோ.

நம்ம பக்கத்துல மறையறது

இதைப் படிக்கும்போது நம்ம ஊர் ஞாபகம் வராம இருக்காது. 1990-களின் தொடக்கத்துல நாடு முழுக்க ஒரே கேஜுக்கு மாத்தற ‘யூனிகேஜ்’ திட்டம் வந்தது. தமிழ்நாட்டுல குறுக்கும் நெடுக்கும் ஓடின மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொண்ணா மாறிச்சு. சென்னை பீச் – தாம்பரம் பாதையில 1931-லிருந்து ஓடின மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல நின்னுடுச்சு. செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை 2010-ல மூடி, பிராட் கேஜா மாறி, 2018-ல திறந்தது. இன்னிக்குத் தமிழ்நாட்டுல மீட்டர் கேஜ்ல ரயில் ஓடறது நீலகிரி மலைப்பாதையில மட்டும்தான். 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் போக்குவரத்து நின்னது. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சு.

இதெல்லாம் தேவையான மாற்றம்தான். வேகமா, பத்திரமா ஊர் போய்ச் சேரணும்னு நாமளும் நினைக்கிறோம். பழசு போச்சேன்னு அழறதுக்காக நான் இதைச் சொல்லலை. பாலத்துக்கும் இன்ஜினுக்கும் டிராயிங், போட்டோ, ஆவணம் எல்லாம் எங்காவது இருக்கும். ஆனா டிக்கெட் கவுன்டர் ஜன்னலோட மரச்சட்டம், பிளாட்பாரக் கூரையோட தொங்கல் பலகை, தண்ணித் தொட்டி, கேட் கீப்பர் ரூம் வாசல்படி இதையெல்லாம் யார் அளந்து வச்சாங்க? புதுசு வரும்போது முதல்ல காணாமப் போறது இந்த மாதிரி சின்னப் பொருள்கள்தான். ஒரு மாடல் செய்யறவருக்கு மட்டும்தான் இதோட அளவு தேவைப்படுது. அவர் அளந்து வச்சா அது ஒரு விளையாட்டுப் பொருள் மட்டும் இல்லை, ஒரு பதிவு. போட்டோவை விட ஒரு படி மேல, ஏன்னா போட்டோ முன்பக்கத்தை மட்டும் காட்டும். மாடலுக்குப் பின்பக்கமும் தெரியணும்.

மூணு ஆட்சேபம்

“டைம் இல்லை.” செமஸ்டர், அசைன்மென்ட், இன்டர்னல் எல்லாம் எனக்கும் தெரியும். முழு லேஅவுட் கட்டச் சொல்லலை. இடமும் கிடையாது. 24 மீட்டர் நீளமுள்ள பெட்டி 24 கோர்த்த எக்ஸ்பிரஸை 1:87-ல நிறுத்தினா 6.6 மீட்டர் வரும். ஹாஸ்டல் ரூம் சுவரை இடிக்கணும். ஒரு ஏ4 அளவு அட்டை போதும். அதுல ஒரு பிளாட்பார மூலை, ஒரு பெஞ்ச், ஒரு விளக்குக் கம்பம், ஒரு அடிபம்பு. ரெண்டு வார சனி, ஞாயிறு.

“செலவு?” ஸ்டீல் ஸ்கேல், கட்டர், ட்வீசர், ஃபெவிகால், பழைய பத்திரிகை அட்டை, வீணாப்போன ஒயர். ஒரு பிரியாணிக் காசுக்குள்ள அடங்கற விஷயம்.

“பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?” இதுதான் நிஜமான கேள்வி, மத்த ரெண்டும் சாக்கு. ரெஸ்யூமேல ‘அடிபம்பு செஞ்சேன்’னு போட்டா யாரும் வேலை தந்துட மாட்டாங்க, உண்மைதான். ஆனா இன்டர்வியூவில “உங்க புராஜெக்ட்ல இந்த அளவு ஏன் இவ்வளவு?”ன்னு கேட்டா, கிட் வாங்கினவங்க முழிப்பாங்க. ஒரு சிக்னல் கையோட எதிர் எடையை மூணு தடவை மாத்திப் பார்த்தவங்களுக்கு ‘ஏன்’ங்கற கேள்வி பழகின நண்பன். எதை விடணும்னு முடிவு பண்ணவும் இதுல கத்துக்கலாம். எல்லாத்தையும் 87-ஆல வகுக்க முடியாது. நீளம் 87 மடங்கு குறைஞ்சா எடை 6,58,503 மடங்கு குறையும். அதனாலதான் நிஜத்துல அழகாத் தொங்கற செயினும் ஒயரும், மாடல்ல விறைச்சுக்கிட்டு நிக்கும். கையால வளைச்சு, பசை தடவித்தான் தொங்கற மாதிரி காட்டணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ‘சிமிலிட்யூட்’னு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்.

என்ன செய்யலாம்?

தனியா செய்ய நினைக்கிறவங்க இந்த வாரமே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்க. ஸ்டேஷனுக்குத்தான் போகணும்னு இல்லை. காலேஜ் கேட் பக்கத்து டீக்கடை பெஞ்சும் எந்த லேஅவுட்டுக்கும் பொருந்தும். ஸ்டேஷனுக்குப் போனா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அளங்க. தண்டவாளத்துல மட்டும் இறங்காதீங்க. ஆபத்து, அதோட 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். எட்டாத உயரத்துக்கு ஒரு வழி: சுவர்ல செங்கல் வரிசைகளை எண்ணுங்க. பத்து வரிசையை அளந்து பத்தால வகுத்தா ஒரு வரிசை கிடைக்கும். மேலே எத்தனை வரிசைன்னு எண்ணிப் பெருக்குங்க. செங்கல் தெரியலைன்னா, உயரம் தெரிஞ்ச நண்பனைப் பக்கத்துல நிறுத்தி, தூரத்திலிருந்து நேரா போட்டோ எடுங்க. அவனே உங்க ஸ்கேல்.

நோட்ல மூணு பக்கப் படமும் வரைஞ்சு அளவு குறிங்க. எந்த அளவு நேரா எடுத்தது, எது கணக்குப் போட்டதுன்னு தனித்தனியா எழுதி வைங்க. அப்புறம்தான் கட்டரைத் தொடணும்.

காலேஜுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல போடற ஷீட்டுகள்ல ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. அதுல கேள்வித்தாள் வேண்டாம். “கேம்பஸ்ல ஏதாவது ஒரு பொருளை நீயே தேர்ந்தெடு, நீயே அளந்துக்கோ, மூணு வியூ வரை, அட்டையில 1:87-ல செஞ்சு கொண்டு வா.” சிவில்காரங்க படிக்கட்டைச் செய்யட்டும், மெக்கானிக்கல் பம்பை, இ.இ.இ. டிரான்ஸ்ஃபார்மர் யார்டை, சி.எஸ்.காரங்க வேணும்னா கேன்டீனை. அறுபது பேர் வகுப்புன்னா அறுபது பொருள். எல்லாம் ஒரே அளவுங்கறதால, ஒரு மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சாலே அடுத்த சிம்போசியத்துக்கு நம்ம கேம்பஸ் தயார். ரயில் ஓடணுமா? ஒரு சின்ன டிராக்கை நடுவுல போட்டுக்கலாம், அது பிறகு.

அந்த ஷீட்டுக்கு மார்க் போடறப்போ ஆசிரியர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்: “இந்த அளவை எங்கிருந்து எடுத்தே?” அதுக்குக் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டற பையனுக்கும் பொண்ணுக்கும் முழு மார்க் போடலாம்.